வலியறிந்த வைத்தியர்

செங்கற்பட்டுப் புகைவண்டி நிலையத்தை அடைவோர் கண்ணுக்கு முதற்கண் புலப்படுவது கொளவாய் ஏரியாகும். ஊரினின்று கிழக்கே செல்லும் பாதை திருக்கழுக்குன்றத்தைக் கடந்து மாமல்லபுரத்துக் கடற்கரையிற் சென்று முடியும். கற்சிற்பங்களைக் காணும்பொருட்டு அவ்வழியே சென்றிராத மாணாக்கர் நம் பகுதியில் அரியர். ஆயினும் செங்கற்பட்டின் ஒரு புறத்தே திருமணி என்னுமிடத்தில் அமைந்துள்ள தொழுநோய் மருத்துவ நிலையத்தை எட்டிப் பார்த்தோர் மிகச் சிலரே. 1920-களில் லேடி வில்லிங்டன் அம்மையாரின் பெயரால் தோன்றி, ஸ்காட்லாந்துத் திருச்சபை மிஷனாரின் பராமரிப்பில் வளர்ந்து, 1955-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தாரால் ஏற்றுக்கொள்ளப்பட்ட நிலையம் அது. அங்கே 1947-ஆம் ஆண்டில் ஒரு நாள் நோயாளர் ஒருவர் வைத்தியர் ஒருவரின் கையை இறுகப் பற்றினார். பற்றியவருக்கு யாதும் தோன்றவில்லை. பற்றப்பட்டவரோ வலி பொறுக்கலாற்றாது துடித்தார். அவ்வைத்தியரே டாக்டர் பால் பிராண்டு. அவர் செய்த அரும்பெருஞ் செயல்களைத் தொகுத்துரைக்கும் நூல்கள் பல உள. அவருடைய சொந்தத் துயரும் அவர்பால் வந்த நோயாளரின் துயரும் எவ்வாறு ஒன்றையொன்று தொட்டன என்பதையே யாம் ஈண்டுச் சிறப்பாகக் கூறக் கருதினோம்.

பிராண்டு 1914-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17-ஆம் நாள் தமிழ்நாட்டிற் பிறந்தவர். தந்தையார் ஜெஸ்ஸி பிராண்டு. தாயார் ஈவ்லின் அம்மையார். இருவரும் கொல்லிமலையில் மிஷன் பணி புரிந்தவர்கள். தந்தையார் சிறிது காலமே வைத்தியப் பயிற்சி பெற்றவராயினும், மலைவாழ் மக்களுக்குப் பல் பிடுங்குவதும், கட்டி கீறுவதும், காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும் அவரே. சிறுவன் பால் மரமேறியும் மலைச்சாரலில் ஓடியும் வளர்ந்தான். அவன் ஏறத்தாழ ஏழாட்டைப் பருவத்தினனாயிருந்தபோது அந்நியர் மூவர் மலையேறி வந்தனர். கைகால் விரல்கள் குறைந்து, புண்களைக் கந்தையாற் சுற்றியிருந்த அம்மூவரும் தொழுநோயாளர். எந்நோயாளியையும் வெறுங்கையாற் றொட்டுப் பழகிய தந்தையார் அன்று கையுறை அணிந்துகொண்டு அவர்தம் புண்களைக் கழுவிக் கட்டினார். தாயார் ஒரு கூடையில் உணவு வைத்துக் கொடுத்து, கூடையையும் அவர்களே வைத்துக்கொள்ளச் செய்தார். அவர்கள் அமர்ந்திருந்த இடத்திற்குச் சென்று விளையாடலாகாதெனப் பிள்ளைகளுக்குக் கட்டளை பிறந்தது. தந்தையாரின் முகத்திற் றோன்றிய அச்சத்தைச் சிறுவன் கண்டுகொண்டான். தொழுநோய் பற்றி அவன் பெற்ற முதற் பாடம் அதுவாகும்.

ஒன்பதாட்டைப் பருவத்தில், 1923-ஆம் ஆண்டில், கல்வியின்பொருட்டு அவனும் அவன் தங்கையும் இங்கிலாந்தில் உறவினர் இல்லத்தில் விடப்பட்டனர். பெற்றோர் கொல்லிமலைக்குத் திரும்பினர். அக்காலத்து ஐரோப்பிய மிஷனெரிக் குடும்பங்களில் இது வழக்கமே. வழக்கமென்பதனால் பிள்ளைகளின் ஏக்கம் குறைந்துவிடுமோ! தந்தையாரின் கை மகனைத் தொடாத ஆண்டுகள் அவை. அதற்கு ஈடாக அவர்தம் கடிதங்கள் வாரந்தோறும் கப்பலில் வந்தன. மரங்களையும் பூச்சிகளையும் பறவைகளையும் பற்றி விரிவாக எழுதி, மகனும் இவற்றைத் தன்னோடு நடந்து காண வேண்டுமென்று விரும்புவார். 1929-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கறுப்புநீர்க் காய்ச்சல் என்னும் கொடிய மலேரியாச் சுரத்தினால் ஜெஸ்ஸி பிராண்டு தம் நாற்பத்து நான்காம் வயதில் மலைமேலேயே காலமானார். செய்தி தந்தி வாயிலாக உடனே இங்கிலாந்தை எட்டியது. தந்தி விரைவுடையது, கப்பலோ மெல்லச் செல்வது. ஆதலின் தந்தையார் இறந்தாரென்று அறிந்த பின்னரும், அவர் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மகன் கைக்கு வந்துகொண்டேயிருந்தன. பதினைந்து வயது நிரம்பாத அப்பிள்ளை அவற்றைப் பிரித்துப் படித்தபொழுது யாது எண்ணினானோ, அதனை நம் சொல்லால் நிரப்புதல் தகாது.

தாயார் கைம்மை நிலையில் சில காலம் இங்கிலாந்து சென்று, பின்னர்த் தம் கணவர் அடங்கிய நாட்டிற்கே மீண்டார். அம்மாதரசியின் வரலாறு தனியே எழுதுதற்குரியது. தொண்ணூறு வயதைக் கடந்தும் மட்டக்குதிரையேறி மலையூர்களிற் சுற்றி, 1974-ஆம் ஆண்டில் உயிர்நீத்து, கொல்லிமலையில் தம் கணவர் கல்லறைக்கருகே அடக்கமாயினார்.

மகனோ பள்ளிப்படிப்பை முடித்ததும் வைத்தியத்தை நாடினாரல்லர். தந்தையார் சீழும் இரத்தமுமாக உழன்றதைக் கண்டு அத்தொழிலில் அவருக்கு வெறுப்பே யுண்டாயிற்று. ஐந்தாண்டு கொத்துவேலையும் தச்சுவேலையும் பழகினார். கட்டடங்கள் எழுப்பும் மிஷனெரியாகத் திரும்புவதே அவர் கருத்து. பின்னர் ஒரு மருத்துவமனையில் பயிலுங்கால், உயிர்பிரியும் தறுவாயிலிருந்த பெண்ணொருத்திக்குப் பிறர் இரத்தம் ஏற்றப்பட, வெளுத்த கன்னத்திற் செம்மை படர்ந்ததை நேரிற் கண்டு மனம் மாறினார். இலண்டன் யூனிவர்சிட்டி கலாசாலை மருத்துவமனையிற் பயின்று, உலகப் போரில் குண்டுகள் விழுந்த நாட்களிற் காயமுற்றோர்க்கு ரணசிகிச்சை செய்து கைதேர்ந்தார். உடன்பயின்ற மார்கரெட் அம்மையாரை 1943-இல் மணந்தார். போர் முடிந்தபின், வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கலாசாலையின் தலைவராயிருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன் அழைக்க, 1946-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்து சேர்ந்தார்.

காக்ரேன் தொழுநோய் வைத்தியத்திற் பேர்பெற்றவர். 1935 முதல் செங்கற்பட்டு நிலையத்திற் பணியாற்றியவர். அதுகாறும் அந்நோய்க்கு நீரடிமுத்து எண்ணெயை ஊசிவழி ஏற்றுவதே பெருவழக்கு. ஊசியின் வலி மிகுதி, பயனோ ஐயத்திற்குரியது. சல்போன் என்னும் புது மருந்து வகையை இந்தியாவிற் கையாண்ட முன்னோடிகளுள் காக்ரேனும் ஒருவர். நோயைத் தணிக்க மருந்து வந்துவிட்டது. ஆனால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் மருந்து எங்கும் இல்லை.

அந்நாளில் இந்நோய் கண்டவர்பால் உலகம் நடந்துகொண்ட முறையை இன்றைய மாணாக்கர் அறிதல் நலம். பெருநோய் என்று அதற்குப் பெயரிட்டு, நோயுற்றவரை வீட்டின் புறத்தேயும், பின் ஊரின் புறத்தேயும் வைத்தனர். 1898-ஆம் ஆண்டின் சட்டமொன்று இரந்துண்ணும் நோயாளரைப் பிடித்து அடைத்துவைக்க இடந்தந்தது. அச்சட்டம் புத்தகத்தினின்று நீங்கியது 2016-ஆம் ஆண்டிலேதான். கணவன் மனைவியரைப் பிரித்தற்குரிய காரணங்களுள் ஒன்றாகத் தொழுநோயை வைத்திருந்த விதிகளும் 2019-இலேயே நீக்கப்பட்டன. செங்கற்பட்டு ஜில்லாவில் இந்நோய் மிகுந்திருந்தது. வலையிழுக்கும் கைக்கும், ஏர்பிடிக்கும் கைக்கும், உளிபிடிக்கும் கைக்கும் விரலே முதலன்றோ? விரல் மடங்கினவன் பிழைப்பிழந்தான். வீட்டையும் இழந்து திருமணியின் வாயிலுக்கு வந்து சேர்ந்தான்.

1947-ஆம் ஆண்டில் காக்ரேனைக் காண அந்நிலையத்திற்குச் சென்ற பிராண்டு, அவரோடு தோட்டத்தில் உலாவி வந்தார். காக்ரேன் நோயாளரின் தோலில் தோன்றும் படைகளையும் தடிப்புகளையும் காட்டி விளக்கிக்கொண்டே சென்றார். பிராண்டின் கண்களோ கைகளையும் கால்களையும் விட்டகலவில்லை. இவை ஏன் இவ்வாறாயின, இவற்றிற்குச் செய்யப்படுவது யாது என்று வினவினார். தாம் தோல் வைத்தியரே யென்றும், எலும்பும் மூட்டும் பயின்ற ரணவைத்தியர் ஒருவரேனும் இந்நோயை ஆராய முன்வந்ததில்லை யென்றும் காக்ரேன் சற்றே கடுமையாக விடையிறுத்தார். அக்கடுமை பிராண்டைக் குறித்ததன்று. வைத்திய உலகம் முழுவதையும் குறித்தது.

சிறிது தொலைவில் இளைஞன் ஒருவன் நிலத்தமர்ந்து தன் செருப்பைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தான். விரல்கள் கழுகின் நகம்போல் உட்புறம் மடிந்திருந்தமையால் வார் பிடிபடாமல் நழுவிற்று. பிராண்டு அவனருகிற் சென்று, அவன் கைக்குள் தம் கையை வைத்து, இயன்றவரை இறுக்கும்படி கேட்டார். நலிந்த பிடியையே அவர் எதிர்பார்த்தார். இரும்புப் பிடியாக நெருக்கிய விரல்களின் நகங்கள் அவர் சதையிற் பதிந்தன. வலி தாளாமல் விடும்படி கூவி, சினத்தோடு அவனை ஏறிட்டு நோக்கினார். அவனோ இனிய புன்முறுவலோடு இருந்தான். தான் பிறரை வருத்துவதை அவன் அறிந்திலன்.

அந்த ஒரு கணத்தில் அவர் இரண்டு உண்மைகளைக் கண்டார். பயனற்றதென்று தள்ளப்பட்ட கையில் வலிய தசைகள் இன்னும் உயிரோடுள்ளன என்பது ஒன்று. அவனுக்கு அற்றுப்போனது வலுவன்று, உணர்ச்சியே என்பது மற்றொன்று. பின்னர்ச் செய்த ஆராய்ச்சி இதனை உறுதிப்படுத்தியது. 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்த தொழுநோய்க் கிருமி உடலிற் குளிர்ந்த பாகங்களை விரும்புவது. ஆகவே முழங்கையிலும் மணிக்கட்டிலும் தோலுக்கு அண்மையிற் செல்லும் நரம்புகளைக் கெடுக்கும். உள்ளங்கையின் சிறுதசைகள் செயலிழக்கும். முன்கையின் பெருந்தசைகளோ கெடாதிருக்கும். அவை எதிர்ப்பின்றி இழுக்க, விரல்கள் மடங்கிவிடும். நற்றசை ஒன்றின் நாணைப் பிரித்தெடுத்துச் செயலிழந்த தசையின் வேலைக்கு அமர்த்தினால் விரல் நிமிரும் என்று பிராண்டு துணிந்தார். விரல்கள் அழுகி விழுகின்றன என்று அறிஞரும் நம்பிய காலத்தில், அவை அழுகுவதில்லை யென்றும், வலி தெரியாமையால் சுடுதலும் வெட்டுதலும் நேர்ந்து நாளடைவில் தேய்கின்றன வென்றும் காட்டினார். துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவர் திறக்கலாற்றாது நின்றபோது, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சாவியை எளிதாகத் திருகித் திறந்தான். அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவன் அதனை உணரவேயில்லை.

வேலூரில் இவ்வேலை எளிதில் தொடங்கிற்றில்லை. தொழுநோயாளரைச் சேர்த்தால் பிற நோயாளர் ஓடிவிடுவர் என்ற அச்சம் மருத்துவமனையில் இருந்தது. புறச்சுவரை யொட்டிய சிறு மண்கட்டடத்திலேயே கை வைத்தியம் நடந்தது. ரணசிகிச்சைக்குப்பின் ஒவ்வொரு விரலுக்கும் மாதக்கணக்கிற் பயிற்சி வேண்டும். பழைய தசைக்குப் புதுவேலை கற்பிப்பது குழந்தைக்கு நடை கற்பிப்பதை ஒக்கும். அப்பயிற்சியை அளித்தோரின் பொறுமைக்கும் சமபங்கு புகழ் உரித்தென்பது எம் கருத்து.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று. புதிதாக வந்த இளைஞன் ஒருவனைச் சோதித்து முடித்த பிராண்டு, அவன் தோள்மேற் கைவைத்து, செய்யவிருக்கும் சிகிச்சையைத் தம் அரைகுறைத் தமிழில் விளக்கினார். அவன் விம்மி விம்மி அழலானான். தாம் ஏதோ தவறான சொல்லைச் சொல்லிவிட்டோமோ என்று திகைத்து உடனிருந்த உதவியாளரைக் கேட்டார். அவ்வம்மையார் அவனை வினவி, இங்கு வரும்வரை பல்லாண்டாகத் தன்னை ஒருவரும் தொட்டதில்லை யென்பதனால் அழுகின்றான் என்று தெரிவித்தார். தந்தையின் கையைப் பல்லாண்டு காணாமல், கடிதத்தைமட்டும் கையிற் பற்றியிருந்த ஒரு பிள்ளையின் உள்ளம் இச்சொல்லைக் கேட்டு எவ்வாறு அதிர்ந்திருக்கும்! இவ்வொற்றுமையை அவர் எடுத்துரைத்தாரென்று யாம் கூறவில்லை. ஆனால் தொழுநோயாளர்க்குத் தொடுதலே முதல் மருந்து என்று அவர் தம் வாழ்நாள் முழுதும் கற்பித்து வந்ததை அறிவோம். அன்று கொல்லிமலையில் அணியப்பட்ட கையுறையையும் அறிவோம்.

கைகள் நிமிர்ந்தன, துயர் நீங்கிற்றோ? சிகிச்சை பெற்றுச் சென்ற ஒருவன் சில காலத்தின்பின் மெலிந்து திரும்பி வந்து, தனக்குச் செய்து கொடுத்த கைகள் இரப்பதற்கு உதவாத கைகள் என்று முறையிட்டான். மடங்கிய விரலைக் கண்டு காசு இட்டவர், நிமிர்ந்த விரலைக் கண்டு இடுவதில்லை. தழும்பைக் கண்டு வேலையும் கொடுப்பதில்லை. வேறு வைத்தியராயின் நன்றியற்றவன் என்று வெகுண்டிருப்பர். பிராண்டு அதனை உண்மையென ஏற்றார். அதன் பயனாக எழுந்ததே நவஜீவ நிலையம். வேலூரில் மண்சுவர்க் குடிசைகளாக அமைந்த அவ்விடத்தில் நோயாளர் தச்சுவேலை கற்று, மரத்தாற் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களைச் செய்தனர். வீணாயிற்றென்று கருதப்பட்ட அந்த ஐந்தாண்டுத் தச்சுப்பயிற்சி ஈங்குக் கைகொடுத்தது. உணர்ச்சியற்ற கை சுத்தியலை எவ்வளவு இறுக்கும், கைப்பிடியை எவ்வாறு வழவழப்பாக்க வேண்டும் என்பதையெல்லாம் தச்சனாகவும் வைத்தியராகவும் அவரே நின்று பார்த்தார்.

இரவில் உறங்கச் சென்ற சிலர் காலையில் விரல் குறைந்து எழுந்த மருமமும் அங்கேதான் வெளிப்பட்டது. எலிகள் கடித்தன, உறங்கியவர் உணரவில்லை. அன்றுமுதல் நோயாளர் பூனை வளர்க்கும்படி ஏற்பாடாயிற்று. மாமல்லபுரத்துப் பாறையில் ஒற்றைக்காலில் நின்று தவஞ்செய்து எலிகளை ஏமாற்றும் பூனையை நாம் கண்டு நகைத்திருக்கின்றோம். வேலூர்ப் பூனைகள் மெய்யாகவே தவமியற்றின என்று சொல்லலாம்.

இனி அவர் வாழ்விற் கொடியதோர் இரவைப் பற்றிக் கூறுவோம். 1950-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்க நாட்டிற் சுற்றி, அறிஞர் பலரைக் கண்டு, கப்பலேறி இங்கிலாந்து வந்திறங்கினார். கடற்பயணத்திற் சுரம் கண்டு தளர்ந்திருந்தவர், புகைவண்டியில் ஒரு மூலையில் முடங்கியவாறே இலண்டன் சேர்ந்தார். இரவு அறையில் அமர்ந்து காலுறையைக் கழற்றுகையில், ஒரு குதிகாலில் உணர்ச்சி இல்லாதது போற் றோன்றியது. எழுந்து சென்று ஊசியொன்றைத் தேடியெடுத்துக் கணுக்காலின் கீழே குத்தினார். வலிக்கவில்லை. ஆழக் குத்தினார். இரத்தத்துளி அரும்பியது, வலி இல்லை.

எத்தனை நூறு நோயாளரை அவர் அவ்வாறே ஊசியாற் குத்திப் பார்த்திருப்பார்! கண்ணை மூடச் சொல்லி, தெரிகிறதா என்று கேட்டு, தெரியவில்லை என்ற விடையைக் குறிப்பேட்டிற் பதிந்திருப்பார்! அவ்விடை இப்பொழுது அவர் உடலினின்றே வந்தது. உடை களையாமலே படுக்கையில் வீழ்ந்தார். இரவு முழுதும் உறக்கமில்லை. இனி மனைவி மக்களோடு வாழலாமா? பிள்ளைகளின் தலையைத் தடவலாமா? இந்நோய் எளிதிற் றொற்றாது என்று தாம் உறுதிகூறி அழைத்துவந்த உடன்பணியாளர் இச்செய்தி கேட்டால் தங்கியிருப்பாரா? பூனையின் மென்மயிரும், மரத்தின் வரியும், மண்ணின் குளிர்ச்சியும் ஒவ்வொன்றாகத் தம் விரல்களை விட்டு நீங்கும் நாளை எண்ணிப் பார்த்தார். ஒதுங்கி வாழும் நிலையமொன்றின் வாயிலில் தாமே நிற்பதாகக் கண்டார். அங்ஙனம் நின்றோரை அன்புடன் வரவேற்று, நோய் தணியும், பணி கிடைக்கும் என்று ஆறுதல் கூறியவர் அவரே. அவ்வாறுதல் சொற்கள் அனைத்தும் அவ்விரவில் அவருக்குச் சிறிதும் உதவவில்லை.

பொழுது புலர்ந்தது. நோய் எவ்வளவு பரவியுள்ளதெனக் காணும் பொருட்டு ஊசியை மீண்டும் எடுத்து அவ்விடத்திலேயே குத்தினார். வாய்விட்டலறினார். வலித்தது! புகைவண்டியில் நெடுநேரம் அசையாது முடங்கியிருந்தமையால் காலின் நரம்பொன்று அழுந்தி மரத்திருந்ததேயன்றி வேறொன்றுமில்லை. அவ்வலியைப்போல் இனியதொன்றை அவர் அதற்குமுன் நுகர்ந்ததில்லை. அன்றுதொட்டுக் கால் இடறினாலும், கத்தி விரலைக் கீறினாலும், வலி என்னும் வரத்திற்காக இறைவனுக்கு நன்றி கூறுவது அவர் வழக்கமாயிற்று.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பலரும் அவ்விரவினால் அவர் தொழுநோயாளரின் துயரை முற்றும் அறிந்துகொண்டார் என்று முடிப்பர். எமக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. அவருடைய இரவுக்கு விடியல் இருந்தது. திருமணியிற் செருப்பு வாரோடு போராடிய இளைஞனுக்கு அத்தகைய காலைப்பொழுது வந்ததில்லை. தம் கண்ணீரைப் பிறர் கண்ணீரென்று மயங்கும் வைத்தியன் நோயாளியை நோக்காது தன்னையே நோக்கத் தொடங்கிவிடுவான். பிராண்டு அக்குழியில் வீழ்ந்திலர் என்பதற்கு அவர்தம் பின்னாட் பணியே சான்று. நோயாளரிடம் நான் அறிவேன் என்று சொல்வதினும், அவர் கூறுவதைக் கேட்டுக்கொண்டு காலணி செய்வதில் அவர் அதிக நேரம் செலவிட்டார். உணர்ச்சியற்ற பாதத்திற்கு எவ்வகை மிதியடி ஏற்றது என்று பலவற்றைச் சோதித்து, நுண்துளை நிரம்பிய மெல்லிய ரப்பரைக் கண்டெடுத்தார். இரவுதோறும் தம் கைகால்களைத் தாமே கண்ணாற் சோதித்துக்கொள்ளும்படி நோயாளர்க்குப் பழக்கினார். வலி செய்யவேண்டிய காவலைக் கண் செய்யட்டும் என்பது அவர் ஏற்பாடு.

1952-ஆம் ஆண்டில் இலண்டன் ரணவைத்தியர் கழகத்தில் ஹன்டர் பெயராலமைந்த சொற்பொழிவை நிகழ்த்தும் பெருமை அவருக்குக் கிடைத்தது. வேலூருக்கு அண்மையிற் கரிகிரியில் எழுந்த தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் அவர் உழைத்தார். மார்கரெட் அம்மையார் தொழுநோயால் இமை மூடலாற்றாத கண்களைக் காக்கும் வைத்தியத்திற் புகழ்பெற்றார். 1966-ஆம் ஆண்டில் இருவரும் அமெரிக்காவில் லூயிசியானா மாகாணத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றனர். நீரிழிவினால் உணர்ச்சியிழந்த பாதங்களிலும் அதே வகைப் புண்கள் தோன்றுவதை அங்கே அவர் எடுத்துக்காட்டினார். கால் துண்டிக்கப்படும் நிலையிலிருந்த நீரிழிவு நோயாளர் பலர் தக்க காலணியால் அதனைத் தவிர்க்கக் கூடுமென்பது அதனால் விளங்கிற்று. இன்று நம் ஊர் மருத்துவமனைகளில் நீரிழிவு நோயாளரின் உள்ளங்காலை மெல்லிய நைலான் இழையாற் றொட்டு, தெரிகிறதா என்று வைத்தியர் கேட்கின்றனர். திருமணியின் தோட்டத்தில் தொடங்கிய ஆராய்ச்சியின் கிளையொன்று அதுவாகும்.

பிராண்டு 2003-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், தம் எண்பத்தொன்பதாம் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்னர், சியாட்டில் நகரில் காலமானார்.